ஆர்.ஓ. தண்ணீர் பாதியாகி உப்பும் கரித்தால் மெம்பிரேனை மாற்றத்தான் வேண்டுமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி வைத்துக்கொள்கிறேன். பர்மாவில் சிரியம் தாண்டி, சௌக்தான் பக்கத்து ஓடைக்கரை ஊரில் உங்கள் கோயிலுக்கு நன்கொடையாக வந்த சிறிய ஆர்.ஓ. இயந்திரம், வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். தகட்டில் மணிக்கு 250 லிட்டர் என்று இருக்கிறது. இரண்டரை அங்குலக் குழாய்களில் இரண்டு மெம்பிரேன் (உப்பை நிறுத்தித் தண்ணீரை மட்டும் விடும் சவ்வு), பெட்ரோல் எஞ்சினில் ஓடும் பிரஷர் பம்பு. தை மாதம் ஓடைத் தண்ணீரில் நன்றாக ஓடியது. பங்குனியில் வரத்து பாதியாகிவிட்டது, குடித்தால் நாக்கில் உப்பும் தட்டுகிறது. மெம்பிரேன் போய்விட்டதா, புதிது வாங்கணுமா. மழை பிடித்ததும் நிறுத்திவிடுவோம், அடுத்த வருஷம் வரை எப்படி வைப்பது என்று இரண்டு கேள்வி. உள்ளே இருப்பது ஒரே கேள்விதான்: மெம்பிரேன் எதனால் கெடுகிறது? அதற்கு முன்னால் வருகிற தண்ணீராலும், ஓடாமல் சும்மா கிடக்கிற நாட்களாலும்தான் பெரும்பாலும் கெடுகிறது. ஓடுகிற ஓட்டத்தால் கெடுவது குறைவு. ஆகவே இப்போதே புதிது வாங்கப் பணம் திரட்ட வேண்டாம். இயந்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் இன்னதுதான் கோளாறு என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை.

முதலில் ஓடைத் தண்ணீரின் உப்பை அளந்து பாருங்கள். உப்புத் தண்ணீருக்கும் நல்ல தண்ணீருக்கும் நடுவில் மெம்பிரேன் இருந்தால், நல்ல தண்ணீர் உப்புப் பக்கம் இழுபட்டுக்கொண்டே இருக்கும். அந்த இழுப்பை மீறி எதிர்ப்பக்கம் தள்ளுவதுதான் பம்பின் வேலை. லிட்டருக்கு 1000 மில்லிகிராம் உப்பு இருந்தால் அந்த இழுப்பு சுமார் 0.7 முதல் 0.8 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). 35,000 மில்லிகிராம் உள்ள கடல் நீருக்கு அது 27 பார் அளவுக்குப் போகும். அதனால்தான் கடல் நீர் இயந்திரங்களை 55 முதல் 70 பார் வரை அழுத்தி ஓட்டுகிறார்கள். உங்களுடையது உவர்நீர் இயந்திரம், 12 பாரில் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு கணக்குக்கு, தை மாதம் ஓடையில் 1500 மில்லிகிராம் இருந்ததாக வைத்துக்கொள்வோம். இழுப்பு ஒரு பாருக்குச் சற்று மேல். பம்புக்கு மிச்சம் பதினொரு பாருக்குச் சற்றுக் குறைவு. பங்குனியில் கடல் ஏறி அதே ஓடை 8000 ஆனால் இழுப்பு ஆறு, ஆறரை பார்; மிச்சம் ஐந்தரை, ஆறுதான். தண்ணீர் பாதியாகிவிடும். உப்பு கசிவதோ பம்பின் அழுத்தத்தைப் பொறுத்தது அல்ல, வெளியே எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஐந்து மடங்கு உப்பு, பாதித் தண்ணீர் என்றால், தை மாதம் 40 காட்டிய நல்ல தண்ணீர் இப்போது 400, 450 காட்டும். நாக்கு உப்பை உணரத் தொடங்குகிற இடம் ஏறக்குறைய அதுதான். நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறியும் மெம்பிரேனில் ஒரு கீறல்கூட இல்லாமலே வரலாம் என்பதற்குத்தான் இந்தக் கணக்கு.

கடையில் கிடைக்கும், கரைந்த உப்பைக் காட்டும் கையடக்க டிடிஎஸ் மீட்டர் பலவும் 9990க்கு மேல் காட்டாது. ஒரு கிளாஸ் ஓடைத் தண்ணீரில் ஒன்பது கிளாஸ் உப்பில்லாத பாட்டரித் தண்ணீர் கலந்து அளந்து, வந்த எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். எப்போதும் ஒரே மீட்டரையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு மீட்டரும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிட்டுக் காட்டும். ஓடை உண்மையிலேயே 8000, 10,000 என்று இருந்தால் அழுத்தத்தைக் கூட்டிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். குழாய்க்கூடும் பம்பும் தாங்கும் உச்ச அழுத்தம் அந்தந்தத் தகட்டில் இருக்கிறது, அதைத் தாண்டக் கூடாது. குளத்தில் கொஞ்சம் மழைத் தண்ணீர் மிச்சமிருந்தால் ஓடைத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஓட்டுங்கள், உப்பு பாதியாகும். அதைவிட எளிது, எடுக்கிற நேரத்தை மாற்றுவது. வற்றம் முடிந்து அடுத்த ஏற்றம் தொடங்கும் முன் ஓடை நிற்கிற அந்தச் சிறிது நேரத்தில் உப்பும் குறைவு, நீரோட்டம் இல்லாததால் சேறும் கொஞ்சம் படிந்திருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வேகமாகிக் கலங்கல் மிகும். அந்த நாட்களுக்கு முன்பே தொட்டியை நிரப்பி வைப்பது நல்லது. பங்குனி உத்திரம் பௌர்ணமியை ஒட்டி வருகிறது, அன்னதானமும் அன்றுதான். நாள் பூராவும் ஓடையில் குழாயைப் போட்டு ஓட்டினால் மிக உப்பான தண்ணீரையும் மிகச் சேறான தண்ணீரையும் நீங்களே தேடி ஊற்றியதாகிவிடும்.

ஓடையின் உப்பு கூடவில்லை என்று தெரிந்தால் அடுத்ததாக வெப்பம். தண்ணீர் ஒரு டிகிரி சூடானால் வரத்து சுமார் 3 சதவீதம் கூடும், உப்புக் கசிவும் கூடும். தை மாதம் 24 டிகிரி, சித்திரையில் 31 டிகிரி என்றால் சும்மாவே 20 சதவீதம் அதிகம் வரவேண்டும். வெயில் காலத்தில் தை மாத அளவே வந்தால் எல்லாம் சரி என்று பலர் இருந்துவிடுவார்கள். உண்மையில் மெம்பிரேன் அடைபடத் தொடங்கியிருக்கிறது.

பிறகு முன்வடிகட்டி. 20 மைக்ரான், 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ்களுக்கு முன்னும் பின்னும் உள்ள பிரஷர் கேஜ்களைப் பாருங்கள். புதிதாகப் போட்ட அன்று இருந்த வித்தியாசத்தைவிட 0.7 பார் கூடிவிட்டால் மாற்றுங்கள். கழுவி மறுபடி போடாதீர்கள். நூல் இளகி வழிவிடும், கிருமியும் உள்ளேயே தங்கும். கழற்றிய 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜைக் குப்பையில் போடும் முன் ஒரு கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள், காசில்லாத பரிசோதனை அது. வெளிவட்டம் மட்டும் பழுப்பாகவும் நடுவில் வெள்ளையாகவும் இருந்தால் கார்ட்ரிட்ஜ் தன் வேலையைச் செய்திருக்கிறது. நடுத்துளை வரை பழுப்பு என்றால் சேறு மெம்பிரேனுக்குப் போயிருக்கிறது. செங்கல் நிறம் என்றால் இரும்பு. விரலில் வழவழவென்று ஒட்டி, குட்டைநாற்றம் அடித்தால் கிருமிப்பாசி; அது மெம்பிரேனிலும் படர்ந்திருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் மெம்பிரேனின் முறை. அங்கேயும் எண்கள் பேசும். தண்ணீர் குறைவு, உப்பு ஏறக்குறைய பழையபடி, மெம்பிரேனுக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் அதிகம் என்றால் சேறோ பாசியோ முதல் மெம்பிரேனை அடைத்திருக்கிறது. தண்ணீரும் குறைந்து, உப்பும் கூடி, கடைசி மெம்பிரேனிலேயே கோளாறு தெரிந்தால் சுண்ணாம்பு போன்ற படிவு. தண்ணீர் முன்னைவிடக் கூடுதலாக வந்து உப்பும் கூடினால் குளோரின் அரித்துவிட்டது. அதற்கு மருந்து கிடையாது, மாற்றத்தான் வேண்டும். ஒரே நாளில் உப்பு திடீரென்று ஏறி வரத்து மாறாமல் இருந்தால் பெரும்பாலும் இணைப்பில் கசியாமல் அடைக்கும் சிறிய ரப்பர் வளையமான ஓ-ரிங் நழுவியிருக்கும். ஒவ்வொரு குழாயின் நல்ல தண்ணீரையும் தனித்தனிக் கிளாஸில் பிடித்து அளந்தால் எந்தக் குழாய் என்று தெரிந்துவிடும். ஓ-ரிங்குக்குக் கிளிசரின் மட்டும் தடவுங்கள். வாசலின், எஞ்சின் ஆயில் எதுவும் ஆகாது. மெம்பிரேனைத் திருப்பிப் போடும்போது அதன் ஒரு முனையில் இருக்கும் பெரிய ரப்பர் வளையம் தண்ணீர் நுழையும் பக்கம் இருக்க வேண்டும், அதன் உதடு தண்ணீர் வரும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டுவிட்டு மெம்பிரேன் மேல் பழி போடுவது அடிக்கடி நடக்கிறது.

அடைப்பு என்று முடிவானால் கழுவலாம். வரத்து 10 சதவீதம் குறைந்ததுமே கழுவினால் பெரும்பாலும் மீளும். பாதியாகும் வரை விட்டால் முழுதாக மீளும் என்று நம்ப முடியாது. 40 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடைத் தண்ணீரில் சேறும் பாசியுமே முதல் எதிரி என்பதால் காரம் முதலில், அமிலம் பிறகு. படிந்தது வெறும் இரும்போ சுண்ணாம்போ என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் அமிலத்தை முதலில் வையுங்கள். காஸ்டிக் சோடாவை லிட்டருக்கு ஒரு கிராமுக்குள், அதாவது மொத்தம் 40 கிராமைத் தாண்டாமல், சிறிது சிறிதாகத் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். சோடா மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். காரத்தையும் அமிலத்தையும் காட்டும் பிஎச் அளவு 11.5க்கும் 12க்கும் நடுவில் வந்ததும் நிறுத்துங்கள், தண்ணீர் 35 டிகிரியைத் தாண்ட வேண்டாம். பிரஷர் பம்பை விட்டுவிட்டு, சிறிய பம்பால் 3 பாருக்குள், நிமிஷத்துக்கு 12 முதல் 18 லிட்டர் வேகத்தில், வழக்கமான திசையிலேயே சுற்ற விடுங்கள். கழிவுக் குழாய், நல்ல தண்ணீர்க் குழாய் இரண்டும் டிரம்முக்கே திரும்ப வேண்டும். முதலில் திரும்பி வரும் கறுத்த வாளித் தண்ணீரை மட்டும் வெளியே கொட்டிவிடுங்கள். அரை மணி சுற்றல், ஒரு மணி ஊறல், மறுபடி அரை மணி சுற்றல். நன்றாக அலசிவிட்டு, அதே முறையில் 2 சதவீத சிட்ரிக் ஆசிட். 40 லிட்டருக்கு 800 கிராம். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். பிளீச்சிங் பவுடர் டப்பா அந்தப் பக்கமே இருக்கக் கூடாது, அமிலத்தோடு சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும்.

அடைப்பு வராமலே பார்த்துக்கொள்ளச் சேற்றை வெளியிலேயே நிறுத்த வேண்டும். பர்மாவில் கலங்கல் தண்ணீர் என்றாலே கை படிகாரத்தைத் தேடும். நல்ல பழக்கம்தான், ஆனால் கண்ணளவில் கல்லைச் சுழற்றுவது ஆர்.ஓ.வுக்கு ஆகாது. மிஞ்சிய படிகாரம் கரைந்தபடியே கார்ட்ரிட்ஜைத் தாண்டிப் போய் மெம்பிரேன் மேல் கூழாகப் படியும். 10 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டரில் கரைத்து வையுங்கள். மூன்று 20 லிட்டர் வாளிகளில் ஓடைத் தண்ணீர் பிடித்து 40, 80, 120 மில்லி ஊற்றி, ஒரு நிமிஷம் வேகமாகவும் பத்து நிமிஷம் மெதுவாகவும் கலக்கி, ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். தெளிகிற வாளிகளில் எது குறைந்த அளவோ அதுதான் அன்றைய அளவு. நீரோட்டம் மாறினால் அதுவும் மாறும். தெளிந்ததை மேலிருந்து எடுங்கள். உறிஞ்சு குழாயின் வாய் தொட்டியின் தரையிலிருந்து ஒரு முழமாவது உயரத்தில் இருக்கட்டும்.

அந்தத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் இயந்திரத்துக்குப் போகும் முன் அது முழுக்க நீங்கியாக வேண்டும். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் குளோரின்கூட இந்த வகை மெம்பிரேனுக்குக் கூடாது. கார்பன் வடிகட்டி வழியாக விடுங்கள், அல்லது சோடியம் மெட்டாபைசல்பைட் சேருங்கள். ஒரு பங்கு குளோரினுக்கு மூன்று பங்கு போதும். லாரியில் வாங்கிய தண்ணீரை அவசரத்துக்கு ஊற்றுகிறவர்கள் இதைத்தான் மறப்பார்கள்.

ஓட்டும்போது கழிவு வால்வை முழுக்கத் திறந்துவைத்து, குறைந்த அழுத்தத்தில் ஐந்து பத்து நிமிஷம் ஓட விட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு வால்வைச் சிறிது சிறிதாக மூடி, ஒரு நிமிஷமாவது எடுத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றுங்கள். முதல் கால் மணி நேர நல்ல தண்ணீரைத் தரையில் விடுங்கள். இங்கே ஒரு தவறு பரவலாக உண்டு. ஆயிரம் லிட்டர் உள்ளே போய் 250தான் நல்ல தண்ணீராக வருகிறது, 750 வீண் என்று மனம் கேட்காமல் கழிவு வால்வைத் திருகுவார்கள். அந்த 750தான் மெம்பிரேனைக் கழுவிக்கொண்டு போகிறது. அதைக் குறைத்தால் உப்பு உள்ளேயே இறுகிப் படியும். இரண்டு மெம்பிரேன் உள்ள சிறிய இயந்திரத்தில் கால்பங்குக்கு மேல் ஆசைப்படக் கூடாது. வரத்தை அளக்க மீட்டர் வேண்டாம்: மணிக்கு 250 லிட்டர் என்றால் 20 லிட்டர் தண்ணீர் பாட்டில் நிரம்ப 4 நிமிஷம் 48 வினாடி ஆகும். அந்த நேரம், ஓடையின் உப்பு, நல்ல தண்ணீரின் உப்பு, வெப்பம், நான்கு கேஜ் எண்கள், இவற்றைத் தினம் ஒரு வரி நோட்டில் எழுதுங்கள். தை மாத நோட்டு இருந்திருந்தால் உங்கள் கேள்விக்கு ஒரு நிமிஷத்தில் விடை கிடைத்திருக்கும்.

நிறுத்தும்போது நல்ல தண்ணீர்க் குழாயைக் கவனியுங்கள். கோபுரத்தொட்டிக்கு நேராக ஏற்றியிருந்தால், பம்பு நின்றதும் மேலே உள்ள தண்ணீர் பின்னோக்கி அழுத்தும். 3 மீட்டர் உயரமே 0.3 பார்; அதற்கு மேல் போனால் மெம்பிரேன் தாளின் ஒட்டு பிரிந்துவிடும். கீழே ஒரு தொட்டியில் திறந்த வாயாக விழ விட்டு, அங்கிருந்து வேறு பம்பில் ஏற்றுங்கள். நல்ல தண்ணீர்க் குழாயில் மூடுகிற வால்வே வேண்டாம். நிறுத்தியதும் ஆர்.ஓ. தண்ணீரால் அலசுங்கள், நம் வெயிலுக்கு, ஓடாத நாளிலும் தினம் ஒரு முறை.

மீட்டர் குறைவாகக் காட்டினால் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை. டிடிஎஸ் மீட்டருக்குக் கிருமி தெரியாது. ஒரு ஓ-ரிங் கசிந்தாலே கிருமி கடந்துவிடும், தொட்டியிலும் கையிலும் மறுபடி சேரும். பிளீச்சிங் பவுடர் 33 சதவீதமாக இருந்தால் 30 கிராமை ஒரு லிட்டரில் கரைத்துத் தெளிய வைத்து, அந்தத் தெளிவில் 50 முதல் 100 மில்லியை 1000 லிட்டர் நல்ல தண்ணீரில் சேருங்கள். அரை மணி கழித்துச் சோதனைப் பெட்டியில் 0.2 முதல் 0.5 மில்லிகிராம் காட்ட வேண்டும். ஆர்.ஓ. தண்ணீர் சற்றுப் புளித்த தன்மை உடையது. தகரத் தொட்டியையும் பித்தளைக் குழாயையும் அரிக்கும், பிளாஸ்டிக் தொட்டியே நல்லது. ஓடையை விட்டுக் குழாய்க்கிணற்றுக்கு மாறலாமா என்று யோசித்தால், முதலில் ஆர்சனிக் சோதனை செய்யுங்கள். ஐராவதிப் படுகையின் நிலத்தடி நீரில் அது இருப்பது தெரிந்த விஷயம். ஆழத்துத் தண்ணீரில் அது பெரும்பாலும் இருக்கிற வடிவத்தை ஆர்.ஓ. முழுதாகப் பிடிக்காது, மீட்டரும் காட்டாது.

பம்பில் இரண்டே விஷயம். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிஷம்கூட ஓடக் கூடாது; ஆயிலை முதல் 50 மணி நேரத்திலும் பிறகு 500 மணி நேரத்துக்கு ஒரு முறையும் மாற்றுங்கள். ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது. எஞ்சின் புகை திறந்த தொட்டிப் பக்கமோ மண்டபத்துக்குள்ளோ போகாதபடி வையுங்கள்.

இனி மழைக்கால ஓய்வு. அழுக்கோடு மூடி வைப்பதுதான் மெம்பிரேனைக் கொல்லும், ஆகவே மேலே சொன்ன காரம், அமிலம் இரண்டாலும் கழுவி அலசிய பிறகே வையுங்கள். உணவுத்தரச் சோடியம் மெட்டாபைசல்பைட்டை லிட்டருக்கு 10 கிராம் வீதம் ஆர்.ஓ. தண்ணீரில் கரையுங்கள். பொடி கட்டிதட்டியிருந்தால் வீரியம் போயிருக்கும், வாங்காதீர்கள். திறந்த வெளியில் கரையுங்கள். அதன் காரநெடி ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து. அந்தக் கரைசலைக் குழாய்களுக்குள் காற்றுக்குமிழ் இல்லாமல் நிரப்பி எல்லா வால்வையும் மூடலாம். ஆனால் அது நாளாக ஆகப் புளிக்கும், பிஎச் 3க்குக் கீழே போக விடக் கூடாது, மாதம் ஒரு முறை மாற்ற வேண்டும். ஆறேழு மாதம் இதை யாராவது மறக்காமல் செய்வார்களா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. உங்கள் நிலைமைக்கு மெம்பிரேன்களைக் கழற்றிவிடுவதே மேல். அதே கரைசலில் ஒரு மணி நேரம் ஊற வைத்து, சொட்ட விட்டு, ஈரமாகவே இரட்டைப் பிளாஸ்டிக் பையில் காற்றைப் பிதுக்கி ஒட்டி, 35 டிகிரிக்குக் கீழே நிழலில் படுக்க வையுங்கள். தகரக் கூரைக்கு அடியில் உள்ள பரண் வேண்டாம். பையின் மேல் தேதியையும் எது முதல் குழாய், எது இரண்டாவது என்பதையும் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரித்து, நாற்றமோ பாசியோ இருந்தால் மறுபடி ஊற வையுங்கள். பழைய கார்ட்ரிட்ஜ்களை எறிந்துவிடுங்கள். பம்பை நல்ல தண்ணீரால் அலசி வடித்து, எஞ்சினில் பெட்ரோல் தீர்ந்து தானே நிற்கும் வரை ஓட விடுங்கள். அடுத்த தை மாதம் பூட்டி ஓட்டும்போது முதல் ஒரு மணி நேரத் தண்ணீர் முழுவதையும் கீழே விட்டுவிட்டு, அதன் பிறகு வரும் முதல் பாட்டில் நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது, மீட்டர் என்ன காட்டுகிறது என்று நோட்டின் முதல் வரியில் குறித்துவையுங்கள்.